சின்னண்ணனின் நாய் கூண்டுக்குள் போக மறுத்த கதை

சின்னண்ணன் வீட்டு கேட்டை அடித்துக் கொடுத்தவன் நான். திறக்கும்போது கொஞ்சம் கத்தும். எந்த கேட் கத்தாது? ஆனால் அவர் அதை ராசிபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். டீக்கடையில், சலூனில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம். மகள் கல்யாணம் தள்ளிப்போனதற்கும் என் கேட்தான் காரணமாம். மாப்பிள்ளை வீட்டார் நுழையும்போது கத்திவிட்டதாம். கிரீஸ் வைத்துத் தருகிறேன் என்று போனால் விடமாட்டார். குறை தீர்ந்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது?

போர்வெல் ரிக் லாரியோடு வடநாடெல்லாம் சுற்றியவர். பாறையைத் துளைத்துத் துளைத்துக் காது பாதி போய்விட்டது. என் கேட் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறது என்பது அவருக்கே வெளிச்சம். மனைவி ராசாத்தி போன பிறகு ஒரு நாய் வளர்த்தார். எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என்பதால் கம்ப்ரசர் என்று பேர் வைத்தார். அதற்குக் கூண்டும் என் வெல்டிங் பட்டறையில்தான் அடிக்கக் கொடுத்தார். திட்டுவதற்கு வேறு பட்டறை கிடைக்கவில்லை போலிருக்கிறது. நாய்க்குக் கூண்டு பிடித்துப்போனது. வெயில் ஏறினால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் என்றார்கள். அங்கேதான் மகள் பிரவீனா இருக்கிறாள். நாயையும் கொண்டுவரலாம், ஆனால் அடுக்குமாடி வீடு, கூண்டில்தான் இருக்க வேண்டும் என்றாள். நாயோ கொஞ்ச நாளாகவே கூண்டுப் பக்கம் போவதில்லை. அது உள்ளே போகமாட்டேன் என்று நின்றது. அது வராமல் நானும் வரமாட்டேன் என்று இவர் நின்றார். ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பழி யார் மேல்?

"ஏப்பா, கம்பி குத்துதாட்ட இருக்குது. உன்ற வேலையே இப்படித்தான்!"

நானும் அதை நம்பி, அடியில் பலகை வெட்டிப் போட்டேன். நாய் மோந்து பார்த்துவிட்டு என்னை ஏளனமாக ஒரு பார்வை பார்த்தது. அதை அவரிடம்தான் படித்திருக்க வேண்டும். உடனே அவர் நாயின் பின்புறத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

"உடுங்ணா! நாய் உள்ள போறதுக்குள்ள நீங்க மேல போயிருவீங்க!"

மூச்சு வாங்க உட்கார்ந்தார். அப்போதுதான் கூண்டைச் சரியாகப் பார்த்தேன். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். வாசல் கம்பியில் காய்ந்துபோன பூசணி விதைகள்.

"ஏனுங்ணா, இதென்னங்?"

"ஆயுத பூசை போட்டேன். இரும்புச் சாமானல்லோ? லாரிக்கே போட்டவன் இதுக்குப் போடமாட்டனா?"

"பூசணிக்காய எங்க ஒடச்சீங்க?"

"கூண்டு வாசல்லதான். கற்பூரத்த ஏத்தி, சுத்திப்போட்டு, ஓங்கி ஒரே போடு!"

"அப்ப நாய் எங்கீங்ணா இருந்துச்சு?"

"உள்ளதான். பூசையப்ப ஓடப்புடாதுன்னு கதவச் சாத்தி வெச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு அவரே நாயைப் பார்த்தார். நாய் வேறு பக்கம் பார்த்தது.

விஷயத்தைப் போனில் கேட்டதும் பிரவீனா "அப்பா!" என்று ஒரு கத்து கத்தினாள். என் கேட் தோற்றது. பிறகு அங்கே ஒரு மாட்டு டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள்: தள்ளக் கூடாது, அதட்டக் கூடாது, கதவே இருக்கக் கூடாது. கதவைக் கழற்றினேன். சந்தன வாசனை போகச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். கூண்டை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அவருடைய பழைய லுங்கியை உள்ளே விரித்தோம். அவித்த முட்டையை முதலில் வாசலில் வைத்தோம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்தோம். நாய் உடம்பை வெளியே விட்டு, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. "உள்ள போடா" என்று சின்னண்ணன் வாயைத் திறப்பார், நான் முறைப்பேன். ஆயுசில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தச் சில நாட்கள்தான். கடைசியில் ஒரு மத்தியானம் நாய் முட்டையைத் தின்றுவிட்டு, லுங்கி மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. சின்னண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். கதவை மாட்டி, சாத்துவதும் திறப்பதுமாக அதற்கும் பழக்கினோம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் கார் வந்தது. கம்ப்ரசர் தானாகவே போய்ப் படுத்தது. கூண்டை ஏற்றிவிட்டு கேட்டைத் திறந்தேன், கத்தியது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, இத்தனை வருசத்தில் முதல் தடவையாக என்னை மரியாதை கொடுத்துப் பேசினார். ரகசியம் என்று நினைத்துச் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது:

"சாமி, அந்தப் பூசணிக்கா சமாச்சாரத்த மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."