ரோஸ் கலருக்கு ஒரு பேர்

ஒரகடத்தில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் செய்கிற அந்தக் கம்பெனியில் மெர்சிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சம்பளச் சீட்டில் 'டைம் ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்று இருக்கிறது. லைனில் இருக்கும் பெண்களைக் கேட்டால், "நாங்க எந்த டேபிள்ல உக்காரணும்னு மெர்சிக்காதான் சொல்லும்" என்பார்கள். இரண்டாவது பதில்தான் சரி. ஷிப்டுக்கு எண்பது பேர், மூன்று ஷிப்ட். யார் சுற்றுவது, யார் லேபிள் ஒட்டுவது, யார் டிப்பில் உட்காருவது என்று தினமும் பட்டியல் போடுவது அவள்தான்.

டிப் என்றால் முழுக்கு. காயிலின் கம்பி முனையை முதலில் ஒரு மருந்திலும் பிறகு உருகிய ஈயத்திலும் முக்கி எடுக்கிற இடம். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் புகை அங்கே உட்கார்ந்திருப்பவள் முகத்தை விசாரித்துவிட்டுத்தான் மேலே போகும். அதனால் யாரையும் தொடர்ந்து இரண்டு நாள் அங்கே வைக்க மாட்டார்கள், சுற்றில் விடுவார்கள்.

மெர்சியின் எக்செல் ஃபைலில் சில பெயர்கள் ரோஸ் கலரில் இருக்கும். அந்தப் பெயர்கள் மட்டும் டிப்புக்குப் போகாது. கலைமணி என்று ஒரு இன்ஜினியர் இருந்தார், இப்போது ஓசூரில் இருக்கிறார். அவர்தான் பொத்தானை அமுக்கினால் பட்டியல் தானாக வரும்படி ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்தார். ரோஸ் கலரை விட்டுவிட்டுப் போட வேண்டும் என்று மெர்சி கேட்டபோது, "ஏன்?" என்றார். "சும்மாதான் சார்" என்றாள் மெர்சி. நல்ல மனுஷன், அதற்கு மேல் கேட்கவில்லை.

ரோஸ் கலர் என்றால் மாசமாக இருக்கிற பெண். அதை வார்த்தையில் எழுதக் கூடாது என்பது மெர்சி பட்டுத் தெரிந்துகொண்டது. இருபத்து நான்கு வயதில், சுங்குவார்சத்திரம் பக்கம் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தபோது, ஹெல்த் ஃபாரத்தில் 'நாலு மாசம்' என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் கேட்டில் அவள் கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. வேலையில் சேர்த்துவிட்ட ஏஜென்டைக் கேட்கச் சொன்னான் செக்யூரிட்டி. ஏஜென்ட், "உன் கான்ட்ராக்ட் முடிஞ்சி போச்சும்மா" என்றான். சட்டத்தில் என்னவெல்லாமோ இருக்கிறதாம். இருக்கட்டும். கேட் திறக்கவில்லையே! கணவன் இளம்பரிதி ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே அன்றைக்கு வீடு திரும்பினாள். அந்த ஆத்திரம் பதினெட்டு வருஷமாகியும் அவளுக்கு ஆறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரோஸ் கலரில் நான்கு பெயர்கள் இருந்தன. அதில் ஜாஸ்மின் பெயர் மூன்று வாரத்துக்கு முன்னால் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், ஏற்கெனவே இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. கை கழுவும் இடத்தில் மெர்சியின் காதருகே வந்து, "எங்க வூட்டுக்காரருக்கும் உங்களுக்கும்தான்கா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற நாள் வெள்ளிக்கிழமை. நீண்ட லீவில் போகப்போகிற ஆட்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பிளான்ட் ஹெட் போன மாதமே ஏஜென்டிடம் சொல்லிவிட்டார்.

அதே செவ்வாய்க்கிழமைதான் ஹெட் ஆபீசிலிருந்து லோகேஷ் வந்து சேர்ந்தான், எக்செலைப் புது வெர்ஷனுக்கு மாற்ற. முப்பது வயதுக்காரன், சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் பெங்களூர் பள்ளிக்கூடத் தமிழ். இனி ஃபைல் மெர்சியின் கம்ப்யூட்டரில் இருக்காது, எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கும். பட்டியல் நேராக லைனில் மாட்டியிருக்கும் டிவிக்கே போய்விடும். மதியம் இரண்டு மணி ஷிப்டிலிருந்து ஆரம்பம்.

ஒன்று இருபதுக்குப் புது வெர்ஷன் தன் முதல் பட்டியலைப் போட்டது. டிப் என்ற கட்டத்தில் ஜாஸ்மின் என்று இருந்தது.

மெர்சிக்குத் திக்கென்றது. "இன்னாபா இது? ரோஸ் கலர் பேருங்க டிப்புக்குப் போகாது. பழைய பட்டன் எங்க?"

"மேக்ரோவை ஹெட் ஆபீஸ் பாலிசியில நிறுத்திட்டாங்க மேடம். இப்ப எல்லாம் ஃபார்முலாதான். ஃபார்முலாவுக்குக் கண்ணு கிடையாது, கலர் தெரியாது. வார்த்தைதான் வேணும்."

"அப்ப பழைய வெர்ஷனையே போட்டுக் குடுத்துடு."

"அதை எடுத்தாச்சு மேடம்."

"சரி, கையால மாத்திக்கிறேன்."

"மாத்தலாம். ஆனா காரணம் அடிக்கணும். ஒரே மாதிரி நாலஞ்சு நாள் மாத்தினா பிளான்ட் ஹெட்டுக்குத் தானா மெயில் போயிடும்."

இன்னும் ஆறு மாசம் தினம் ஒரு காரணத்துக்கு அவள் எங்கே போவாள்? அதுவும் நான்கு பேருக்கு. லோகேஷ் பாவம், எல்லாம் சுலபமாக ஆகிவிட்டதாக நினைத்துப் புரொஜெக்டரைப் போட்டுப் பட்டியலைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்று முப்பத்தைந்துக்குப் பிளான்ட் ஹெட் வந்தார். புனேயிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. வணக்கம், சாப்பாடு, சீக்கிரம் என்று மூன்று தமிழ் வார்த்தைகள் அவருக்குத் தெரியும். கூடவே லைன் சூப்பர்வைசர் வனமாமலையும் வந்தார். மெர்சிக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் அவரைப் பார்த்ததும் போய்விட்டது.

வனமாமலை நாங்குநேரிக்காரர். இந்த லைனில் பன்னிரண்டு வருஷம். அவருக்கு உலகத்தில் ஒரே தெய்வம்தான், மணிக்கு இத்தனை காயில் என்கிற கவுண்ட். ஒரு பெண் பாத்ரூமில் எட்டு நிமிஷம் இருந்தாலும் மேலே போய்ச் சொல்லிவிடுவார். "இந்த பிள்ளைய ஏன் டிப்புல போட மாட்டேங்கிய?" என்று மெர்சியிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டைக்கு நிற்பார். அவள் ஏதாவது சாக்குச் சொல்வாள். அவர் நம்பாமல் முறைத்துவிட்டுப் போவார்.

பிளான்ட் ஹெட் சுவரைப் பார்த்தார். அந்த நான்கு ரோஸ் கட்டங்களைச் சுட்டி, இவை மட்டும் ஏன் இப்படி என்று இங்கிலீஷில் கேட்டார்.

லோகேஷ் உற்சாகமாகத் திரும்பினான். "மேடம், ரோஸ் கலருக்கு ஒரு பேர் சொல்லுங்க. அதையே ஹெட்டிங்கா போட்டு ஃபார்முலாவைச் சேர்த்துடறேன்."

மெர்சி தயாராகத்தான் இருந்தாள். சீனியர், லேபிள் டீம் என்று இரண்டு மூன்று பெயர்களை மனதுக்குள் உருட்டி வைத்திருந்தாள். ஆனால் கண் சுவரில் இருந்த ஜாஸ்மின் பெயரில் இருந்தது. மனசு வெள்ளிக்கிழமையில் இருந்தது. கேட்டவுடன் வாய் தன் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

"முழுகாதவங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் குளிக்கவில்லை என்று தமிழ்நாட்டில் யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் கல்யாணமாகாத பெங்களூர்ப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டதைக் கேட்டபடி தட்டினான். சுவரில் சாண் உயரத்துக்கு எழுந்து நின்றது அந்த வார்த்தை. அதற்குக் கீழே நான்கு பெயர்கள்.

அழித்துவிடு என்று சொல்லலாமா? சொன்னால் சந்தேகம் வரும். பிளான்ட் ஹெட் அந்த எழுத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இதற்கு என்ன அர்த்தம் என்று வனமாமலையைக் கேட்டார்.

வனமாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். முடிந்தது, நாலு பேர் பிழைப்பும் என் வாயாலேயே போயிற்று என்று மெர்சி நினைத்தாள்.

"முழுகுறதுன்னா டிப்பு சார்" என்றார் வனமாமலை. "முழுகாதவங்க... நாட் டிப்பிங் பீப்பிள்."

வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு. ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

பிளான்ட் ஹெட் விடவில்லை. ஏன் டிப்புக்கு ஆகாது என்றார்.

"எலர்ஜி சார்."

எப்போது சரியாகும்?

வனமாமலை கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "சிக்ஸ் செவன் மன்த்ஸ் சார். தன்னால சரியாயிரும்."

மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்கிறதா?

வனமாமலை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஐ வில் சைன் சார். லைன் என் பொறுப்பு. மை ரெஸ்பான்சிபிலிட்டி."

கவுண்டைத் தவிர வேறொன்றைப் பற்றியும் பேசாத மனுஷன் தன் கையெழுத்தைப் பிணையாக வைக்கிறார் என்றதும் பிளான்ட் ஹெட்டுக்கு அது போதுமானதாகத் தோன்றியிருக்க வேண்டும். தலையை ஆட்டினார். தமிழ் எழுத்தை எடுத்துவிட்டு இங்கிலீஷில் 'நோ டிப்' என்று போடச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே போனார். லோகேஷ் ஃபார்முலாவைச் சேர்த்தான். ஜாஸ்மின் லேபிள் டேபிளுக்குப் போனாள். டிப் கட்டத்தில் வரிசையில் அடுத்த பெயர் வந்து உட்கார்ந்தது, கவிப்பிரியா. மணிமங்கலத்துப் பெண், இருபத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மெர்சி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வராந்தாவில் வனமாமலையைப் பிடித்தாள். "சார், உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? எலர்ஜின்னு சொன்னேன், எலர்ஜிதான்." அவர் நடையை நிறுத்தவில்லை. "இனிமேலாவது நாக்க அடக்கி வையுங்க மெர்சிம்மா. கவுண்டு கொறஞ்சா ஒங்ககிட்டதான் வந்து கேப்பேன், பாத்துக்கிடுங்க."

இத்தனை வருஷமாக இந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறோமே என்று மெர்சிக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்று ஐம்பதுக்குப் பஸ்கள் வந்துவிட்டன. பெண்கள் செருப்பை மாற்றிக்கொண்டு டிவிக்குக் கீழே கூடினார்கள். பாஞ்சாலி என்கிற வாயாடி உரக்கப் படித்தாள். "நோ டிப்பாம்டி. டிப்புன்னா முழுக்கு. அப்ப நோ டிப்புன்னா..." என்று இழுத்தாள். நான்கு பெயர்களையும் பார்த்ததும் பக்கென்று சிரித்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. ஜாஸ்மின் முதலில் வெலவெலத்துப் போனாள். பாஞ்சாலி, "ஒயுங்கா சாப்புடு, நாங்க ஒண்ணியும் பாக்கல" என்று அவள் கன்னத்தைக் கிள்ளியதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் வாயும் பிளான்ட் ஹெட் வரைக்கும் போகாது என்று மெர்சிக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைம் ஆபீசில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தாள்.

அப்போது ஜன்னலோரம் கவிப்பிரியா வந்து நின்றாள்.

"அக்கா, என்னிய டிப்புலேர்ந்து மாத்திடுக்கா."

"ஏன்டி? இன்னிக்கு ஒரு ஷிப்டுதானே. நாளைக்கு வேற ஆளு."

"முடியாதுக்கா."

"இன்னா, உனக்கும் எலர்ஜியா?" மெர்சி விளையாட்டாகத்தான் கேட்டாள்.

கவிப்பிரியா சிரிக்கவில்லை. திரும்பி டிவியில் இருந்த நான்கு பெயர்களைப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "அந்த லிஸ்ட்லதான்கா என்னிய சேக்கணும். ஆனா டிவில பேரு வராம சேக்க முடியுமா? வூட்ல யாருக்குமே தெரியாதுக்கா."

நேற்று வரைக்கும் இது ஒரு க்ளிக் வேலை. ஒரு கட்டத்துக்கு ரோஸ் அடித்தால் முடிந்தது, காக்கை குருவிக்குத் தெரியாது. இன்றைக்கு அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு அர்த்தம் லைன் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கல்யாணமான நான்கு பேருக்குக் கீழே ஐந்தாவதாகக் கவிப்பிரியா என்று விழுந்தால், டீ இடைவேளைக்கு முன்னால் செய்தி மணிமங்கலத்துக்குப் போய்விடும். யாரைக் காப்பாற்றவோ பாடுபட்டு, இந்தப் பெண்ணை அல்லவா தன் கையாலேயே ஈயப் புகையில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்த்தாள்.

மணி ஒன்று ஐம்பத்தாறு. இனி வேறு யாரை டிப்புக்கு மாற்றினாலும் ஏன் என்று லைனே கேட்கும்.

டிப் கட்டத்தில் இருந்த பெயரை அழித்தாள். மெர்சி என்று தன் பெயரை அடித்தாள். கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. 'ஆள் பற்றாக்குறை' என்று அடித்தாள்.

"உள்ள வா. என் சேர்ல குந்து. வர்றவங்களுக்கு அட்டெண்டன்ஸ் டிக் அடி. யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர் கத்துக்கினு கீறேன்னு சொல்லு, புரிஞ்சுதா? அழாத. அழுதா கேப்பாங்க."

அவள் கடைசியாக ஆப்பரேட்டராக லைனில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மாஸ்க்கையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு டிப் டேபிளில் உட்கார்ந்தபோது முழங்கால் இடித்தது. முதல் காயிலை முக்கி எடுப்பதற்குள் வனமாமலை வந்துவிட்டார்.

"இது என்ன கூத்து மெர்சிம்மா? டிவில ஒங்க பேரு வருது."

"ஆள் பத்தல சார்."

வனமாமலை லைனைப் பார்த்தார். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. தலையைத் திருப்பிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மெர்சியின் நாற்காலியில் கவிப்பிரியா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளைக்கு ஆள் பத்தாது?" என்றார், மெல்ல.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள் மெர்சி.