எடைக்கு முன் ஒரு பிடி கடுக்காய்

முதலில் ஒரு மன்னிப்பு. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன், நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பவன் - நான் சட்டத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். வாராவாரம் இந்தப் பத்தியில் ரேஷன் கடை, பஸ் நெரிசல் என்று ஏதோ ஒப்பேற்றி வருகிறேன். இந்த வாரம் அப்படி எதுவும் எழுத ஓடவில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். கடுக்காயை உடைத்து, சாறு காய்ச்சி, தோல் பதனிடும் இடங்களுக்கு அனுப்புவோம். எனக்குத் தராசு வேலை. காய் வருவது மலையிலிருந்து. பொறுக்கிக் கொண்டுவருபவர்கள் மலையிலேயே வாழும் பளியர்கள்.

போன வருஷம் அந்த மலைச்சரிவின் கடுக்காய் மரங்களை எங்கள் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. காவலுக்கு ஆள் போட்டது. இனிமேல் கூலிக்குத்தான் பொறுக்கலாம், சொந்தமாகப் பொறுக்கி விற்கக் கூடாது என்றது. பளியர்கள் கேஸ் போட்டுவிட்டார்கள். காலங்காலமாக நாங்கள் எடுக்கும் காய், எங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று.

கேஸ் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. குத்தகைக்கு முன்னால் நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது கூலியா, காய்க்கு விலையா? கூலி என்றால் அவர்கள் வேலையாட்கள். விலை என்றால் காய் அவர்களுடையது. அதைத் தினமும் பார்த்தவன் யார்? தராசுக்காரன். அதனால் என்னைக் கம்பெனி தரப்புச் சாட்சி ஆக்கினார்கள்.

"பயப்படாதீங்க. கூலின்னு ஒரு வார்த்தை. அம்புட்டுதான்" என்றார் மேனேஜர். கெட்டவர் இல்லை. குத்தகை நிலைக்காது என்றால் பேங்க் கடன் தராது. கடன் இல்லாமல் பாய்லர் எரியாது. அவரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

காய் உடைக்கும் பாண்டியம்மாள் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள்.

"அண்ணே, எங்க வயித்துல அடிச்சிராதீக. கேஸு தோத்துக் காய் வரலைன்னா கேட்டைச் சாத்திருவாக. புருசன் இருக்குற லட்சணம் உங்களுக்கே தெரியும். நான் எங்கிட்டுப் போவேன்?"

அவள் சொன்னதில் எது பொய்?

தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோர்ட்டுக்கு நடந்தேன். கோர்ட் வராந்தாவில் வெள்ளையன் குந்தியிருந்தார். வழக்குப் போட்டவர்களில் அவர்தான் முதல் ஆள். வருஷக்கணக்காக என் தராசுக்கு மூட்டை இறக்கியவர்.

"என்ன தராசுக்காரரே, காய்ச்சல்காரன் மாதிரி நிக்கிறீக?"

"பயமா இருக்குய்யா."

"நாங்க தேனெடுக்கப் பாறையில தொங்குறப்பக் கீழ பாக்க மாட்டோம். நீங்களும் பாக்காதீக" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. பீடியைத் திருப்பி வைத்துப் பற்ற வைக்கப் போனார்.

கூண்டில் ஏறினேன். 'கூலிதான்' என்ற வார்த்தையை நாக்கிலேயே வைத்திருந்தேன். கம்பெனி வக்கீல் அதை மட்டும் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்கு அதற்கு முன்னால் இன்னொரு ஆசை. வெள்ளையனைத் திருடன் என்று காட்டிவிட வேண்டும்.

"தராசில் ஏற்றிய மூட்டைக்குள் இவர் கையை விட்டுக் காய் எடுத்துக்கொண்டு போவார். உண்டா, இல்லையா?"

உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். ஊர் திரும்பியதும் மரத்தடியில் இறைத்துவிடுவார்கள். மரத்துக்குக் கொடுக்காமல் விற்பது அவர்களுக்கு ஆகாது. அவர் எடுத்த பிறகுதான் நான் எடைக்கல் வைப்பேன்.

"எடுப்பாருங்க" என்றேன்.

"பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தீர்கள்? அது திருட்டு இல்லையா?"

"இல்லீங்க. அவரு காயை அவரு எடுத்துக்கிறாரு. எடை போட்டாத்தானே நம்ம காய்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது: அப்படியானால் நாங்கள் கொடுத்தது கூலி இல்லை, விலை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்கள், மெதுவாக" என்றார். சொன்னேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப் மெஷின் தட்டியது. ஒவ்வொரு தட்டும் என் பிடரியில் விழுந்தது. மூலையில் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மேனேஜர் திட்டவில்லை. "வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளையன் பக்கத்தில் வரவில்லை. தூரத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். அதுவும் பயமாகத்தான் இருந்தது. இந்த மனிதருக்கு நான் நல்லது செய்தேனா? அப்படியானால் பாண்டியம்மாளுக்கு என்ன செய்தேன்?

மலை போய்விடுமோ என்று ஒருவருக்குப் பயம். கேட் மூடிவிடுமோ என்று ஒருத்திக்கு. கடன் கிடைக்காதோ என்று இன்னொருவருக்கு. யோசித்துப் பார்த்தால், அந்த வராந்தாவில் பயமில்லாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் வக்கீல் குமாஸ்தாக்கள் மட்டும்தான். தீர்ப்பு எப்படி வந்தாலும் அவர்களுக்கு அடுத்த கேஸ் உண்டே.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். என்னைப் பாய்லருக்கு மாற்றியிருந்தார்கள். பாண்டியம்மாள் என்னோடு பேசவில்லை.