தேன்வாய் வாங்கிய நேர்மைப் பரிசு

என் அக்கா வேதியியல் ஆய்வாளர். பல வருடம் ஒரே ஆய்வகத்தில், ஒரே பேராசிரியருக்குக் கீழே உழைத்தாள். அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கும். பேச்சில் தேன் ஒழுகுவதால் மாணவர்கள் வைத்த பெயர் தேன்வாய். ஆய்வகப் பக்கம் அவர் தலைகாட்டுவது புகைப்படம் எடுக்கும்போதுதான்.

அக்காவின் வேலை வினையூக்கிகளோடு. நான் எலக்ட்ரீஷியன், எனக்குப் புரியும்படி சொன்னாள்: ஒட்டாத இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்துவைத்துவிட்டு, தான் மாறாமல் ஒதுங்கிக்கொள்ளும் கல்யாணத் தரகர். சில மருந்துகளைச் செய்ய அந்தத் தரகர் வேலைக்குப் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் வேண்டும். அது வேண்டாம், சாதாரண உப்பே போதும் என்று அக்காவின் குடுவை காட்டியது. கட்டுரை வந்தது. தேன்வாய் ஊர் ஊராகப் பறந்தார். அடுத்த தேர்வில் அக்காவுக்கு நிரந்தர வேலை நிச்சயம் என்றார்கள். அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள்.

குடுவைக்குள் சுழன்று கலக்கும் சின்னக் காந்தத் துண்டு, ஒருநாள் கழுவும்போது குழாய்க்குள் போய்விட்டது. புதிதாக ஒன்றைப் போட்டாள். வினை நடக்கவில்லை. உப்பை மாற்றிப் பார்த்தாள், அசையவில்லை. சந்தேகம் வந்து, உப்பே போடாமல், அலமாரியில் கிடந்த இன்னொரு பழைய துண்டைப் போட்டாள். அச்சு அசலாக அதே பொருள் வந்தது. வேலை செய்தது துண்டின் அழுக்கு, பெயர் வாங்கியது உப்பு. அந்தப் பழைய துண்டின் வெள்ளை உறையில் கீறல்கள். கீறல்களில் கறுப்பாக, முன்பு யாரோ செய்த சோதனையின் பல்லேடியம் ஒட்டியிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தேன்வாயிடம் சொன்னாள். அவர் முகத்தில் சிரிப்புக்கூடக் குறையவில்லை.

"பழைய துண்டையே போட்டுக்கோயேம்மா. யாரு கேக்கப் போறா?"

தேர்வு முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை உறுதி என்பதையும் இனிக்க இனிக்கச் சொன்னார். அக்கா, கட்டுரை வந்த ஆய்விதழுக்கு உண்மையைத் தானே எழுதிவிட்டாள். நிரந்தர வேலை கை நழுவியது. இப்போது ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் டப்பா டப்பாவாகத் தரம் பார்க்கிறாள்.

அதோடு விட்டாரா? அடுத்த வருடம், காந்தத் துண்டின் அழுக்கைப் பற்றித் தன் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை போட்டார். சொந்தத் தவறை உலகறிய ஒப்புக்கொண்ட நேர்மைக்காக அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். வெட்கங்கெட்ட மனிதர், விழாவுக்கு அக்காவையே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை, நானும் கூடப் போனேன்.

"நான் போய்ச் சொன்னப்ப சார் என்ன சொன்னார் தெரியுமா?" என்றாள் மேடையில். "பழைய துண்டையே போட்டுக்கோ, யாரு கேக்கப் போறான்னு சொன்னார்."

அரங்கம் அப்படியே உறைந்துவிடும் என்று காத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் தேன்வாய். எழுந்து வந்து அக்காவின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தச் சட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். அந்த மேடைக்கென்றே வாங்கிய புதுச் சட்டை.