ரசத்தில் கலந்த பொடி

என் கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குடித்துவிட்டு வந்தால் அடி, கூச்சல் எதுவும் கிடையாது. பேசாமல் படுத்துக்கொள்வார். ஆனால் தினமும் குடிப்பார். ஈரல் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்த பிறகும் தினமும். எனக்கு வயிறு எரியாதா?

நான் சேலையூரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற டீச்சர். அந்த நான்தான் தாம்பரம் மார்க்கெட்டில் மூலிகை விற்கும் பெண்ணிடம் போய் நின்றேன்.

"இன்னாக்கா யோசிச்சிகினு நிக்கிற? எல்லாம் செடிதான். ரசத்துல ஒரு ஸ்பூன் போட்டுடு, அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரே மாசத்துல சரக்கு வாசனையே புடிக்காம பூடும்."

செடிதானாம்! அரளியும்தான் செடி. பாக்கெட்டில் ஓர் இலைப் படம், 'முற்றிலும் இயற்கை' என்று ஒரு வரி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை. என் பிள்ளைகள் இப்படி எழுதி வந்தால் மார்க்கே போடமாட்டேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் போட்டும் குடி குறையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் கூடவே போட்டேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாய் காய்கிறது என்று நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். பேப்பரில் எழுத்து தெரியவில்லை என்றார். முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், தடதடவென்று அடித்துக்கொண்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் தொடவே மாட்டேன் டாக்டர். இன்னைக்கு இன்னும் குடிக்கக்கூட இல்ல. வீட்டுச் சாப்பாடுதான். இவ கையால சாப்பிட்டதுதான்."

ஐயோ! வாயை மூடிக்கொண்டு நின்றால் அவருக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. ஆனால் டாக்டருக்கும் தெரியாது. ஆள் போய்விட்டால்?

"நான்தான் டாக்டர். ரசத்துல கலந்தேன்" என்று, அவர் கண்ணில் படாமல் கைப்பையிலேயே வைத்திருந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊமத்தை விதை மாதிரி ஏதோ சேர்த்திருக்கலாம். சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், குடியையும் இழுத்திருப்பேன். குடியை அவர் இன்னும் விடவில்லை.

மூன்று மாதமாகிறது. தட்டு வைத்தால், "எனக்குப் பசிக்கல, நீ முதல்ல சாப்பிடு" என்கிறார். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்க்கிறார். நான் கைகழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் ஆன பிறகுதான், அதே பாத்திரத்திலிருந்து தானே போட்டுக்கொள்கிறார்.