மாமியாரின் ஒரு மண்டல வேண்டுதல்

என் மாமியாரை நினைத்தால், கரித்துண்டுகளுக்கு அவர் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த காலைதான் முதலில் வருகிறது. அறுபதுகளில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். அறை தனி, சமையலறை பொது. எங்கள் கரியும் தேங்காயும் அடிக்கடி காணாமல் போகும். பொட்டு வைத்த கரி பக்கத்து அறைக்காரியின் அடுப்பில் கிடந்ததைப் பார்த்து மாமியார் கேட்டபோது, "கரிக்கும் பொட்டு வைக்கிற பக்தி உங்களுக்குத்தான்க்கா வரும்" என்று அவள் சிரித்தாள்.

மாமியார் வெள்ளிதோறும் விரதம். நான் அப்போது முழுகாமல் இருந்ததால், முழங்கால் வலியோடு அவரே கீழ்க்குழாயில் தண்ணீர் பிடித்துப் படியேற்றுவார். பக்கத்து அறைக்காரியோ கோயில் வாசலை மிதிக்காதவள். பிரசாதம் வந்தால் மட்டும் இரண்டு கையையும் நீட்டுவாள். அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. இது என்ன நியாயம் என்று மாமியார் என்னைத்தான் கேட்பார். கடைசியில் அம்மனிடமே முறையிடுவதென்று ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடியலில் காளியம்மன் கோயிலுக்கு நடந்தார். வேண்டுதல் ஒன்றுதான்: "அவள இந்த வீட்ட விட்டு வெளியேத்து தாயே."

நாற்பத்தோராம் நாள் அவளுக்குக் கடிதம் வந்தது. தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு. சமையலறைக்குள்ளேயே குழாய். மேலே போக லிஃப்ட்.

மாமியார் அன்று சாப்பிடவில்லை. "திருடுனவளுக்கு லிஃப்ட். விரதம் இருந்தவளுக்குப் படி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க கேட்டதத்தானே அத்தை அம்மன் குடுத்திருக்கு?" என்றேன். மறுநாள் கோயிலுக்குப் போய், மிச்சமிருந்த ஏழு நாளுக்கும் வேண்டுதலை மாற்றிக்கொண்டார்: "அவளுக்குக் குடுத்த மாதிரியே எனக்கும் குடு." எல்லாவற்றையும் அம்மன் தலையில் போடாமல் என் கணவரும் வீட்டுக்கு ஒரு மனு எழுதிப் போட்டார்.

அடுத்த ஆண்டே வீடு கிடைத்தது. அம்மன் மாமியாரின் சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தாள்: அதே தோ பாயோ, அதே கட்டடம், அதே மாடி. நாங்கள் பெட்டியை இறக்கும்போது எதிர்க்கதவு திறந்தது. "வந்துட்டீங்களாக்கா? இங்க பேச ஆளே இல்ல" என்றாள் அவள். மாமியார் மேலே கூரையைப் பார்த்தார்.

எனக்கும் இப்போது அவர் வயதாகிவிட்டது. அவர் கேட்ட நியாயம் இன்னும் விளங்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் அடியோடு முடியாமல் போன பிறகு, வெள்ளிதோறும் அவரைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். உள்ளே மட்டும் வரமாட்டாள். மாமியாரின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளிய விட்டா எடுத்துட்டுப் போயிருவாங்க. இந்தக் காலத்துல யார நம்புறதுலா."