துரையம்மா கேட்ட ஜன்னல்கள்

மலாயாவில் அவசரகாலத்தின்போது நான் கிள்ளானில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். என் அண்ணன் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் கார் ஓட்டினான். துரை பிரெஞ்சுக்காரர். அவருடைய பழைய மர பங்களாவைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். புது வீடு கட்டுவதென்று முடிவானதும், "என் தம்பி வரைவான்" என்று அண்ணன் சொல்லிவைத்தான். வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

துரையம்மா பிரான்சில் இருந்த தன் தாத்தா வீட்டுப் படத்தை மேசையில் விரித்தார். நடுவில் கோடு போட்டு மடித்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும்படியான முகப்பு. செங்குத்தான கூரை, அந்தச் சரிவிலேயே சின்னச் சின்ன ஜன்னல்கள். கீழே தரையைத் தொடும் உயர ஜன்னல்கள், கதவு போல இரட்டையாகத் திறப்பவை. வெளியே அந்த வடிவம் வேண்டும், உள்ளே மின்விசிறியும் குழாய்த் தண்ணீரும் சிமெண்டுத் தளமும் வேண்டும் என்று பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்.

இந்த ஊர் மழைக்குக் கூரை சுவரைத் தாண்டி நீள வேண்டும் என்றேன். நீண்டால் வீட்டின் முகம் கெட்டுவிடும் என்றார். கடைசியில் ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் மெல்லிய கான்கிரீட் விளிம்பு வைத்து, அதைச் சுதை வேலைப்பாட்டுக்குள் மறைத்து வரைந்தேன். பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். அதுவரை கடைவீட்டையும் கக்கூஸையும் தவிர வேறெதையும் வரைந்திராத எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுச் சுவர் எழும்பிய அதே மாதங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலியும் எழும்பியது. ஒரு போலீஸ் அதிகாரி வந்து, "இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தால் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சுட்டுவிடுவான்" என்று துரையிடம் சொல்லிப் பார்த்தார். துரை கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடி கோலாலம்பூரில் தயாரானது. லோரிக்காரன் அந்த ரோட்டில் போக மாட்டேன் என்று சொல்லிவிட, அண்ணன் தானே போவதாகச் சொன்னான். அன்று நானும் அண்ணன் லயத்தில்தான் இருந்தேன். அண்ணி பிள்ளைத்தாய்ச்சி.

"ரோட்டுல சுடுறானுங்களாம். வேற ஆள அனுப்பச் சொல்லுங்களேன்" என்றாள்.

"வேற எவனாச்சும் போனா குலுக்கி ஒடச்சிருவான் லா. தம்பி வரஞ்ச வூடு. நானே கொண்டாந்தாத்தான் சரி."

திரும்பி வரும்போது ராவாங்கைத் தாண்டி ஒரு வளைவில் மரம் குறுக்கே கிடந்திருக்கிறது. அதை இழுத்துப்போட இறங்கியவனைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். கூடப் போன காவல்காரர் காயத்தோடு தப்பி வந்து சொன்னார்.

மறுநாள் உடலைக் கொண்டுவந்தார்கள். ரோட்டை அடைத்திருந்ததால் மாதா கோயில் சாமியார் வர முடியவில்லை. தோட்டத்து உபதேசியாரே ஜெபம் சொன்னார். ஊரடங்கு தொடங்குவதற்குள் புதைத்தாக வேண்டும் என்று போலீஸார் அவசரப்படுத்தினார்கள். அண்ணியை அழக்கூட விடவில்லை. துரையம்மா வேலியோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரமே துரை என்னைக் கூப்பிட்டு, ஜன்னல்களை அடைத்துப் புதுப் பிளான் போடச் சொன்னார். தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை செங்கல், அதற்கு மேல் துப்பாக்கி நீட்ட மட்டும் குறுகிய இடைவெளி. நான் வரைந்து முடிக்கும்வரை துரையம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். "இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும்" என்றார். அப்படியே வரைந்தேன். ஒரு கோட்டை மட்டும் அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது.

அண்ணியைக் கிள்ளானுக்கு வரச் சொன்னேன்.

"அங்க வந்து நான் என்னா பண்றது தம்பி? இங்க பால்மரம் வெட்டுனா இந்த லயமாச்சும் மிஞ்சும்."

"அந்த வூட்டத் தெனம் பாக்கணுமே அண்ணி?"

பிள்ளை பிறந்து அண்ணி மறுபடி வேலைக்குப் போனபோது, பால் வெட்டும் மர நிரையை மாற்றித் தரும்படி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டாளாம். பங்களா கண்ணில் படாத நிரைகள் காட்டை ஒட்டித்தான் இருந்தன. பயந்துபோய் யாரும் அங்கே வெட்டப் போவதில்லை. பல வருடங்கள் அங்கேதான் தனியாக வெட்டினாள்.