யாரும் வாசிக்காத எச்சரிக்கைகள்

அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது என் சீனிச்சம்பல் போத்தலின் வயிற்றில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. "இது யாருடையது? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வீசப்படும்." எழுதியவர் பெயர் இல்லை, ஒரு சிரித்த முகம் மட்டும். சுவீடனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த மஞ்சள் துண்டைக் கண்டால் எனக்குத் திக்கென்று இருக்கும். கண்டியில் எந்த வீட்டில், எந்தக் கந்தோரில் ஒரு சம்பல் போத்தலுக்கு இப்படித் தவணை கொடுப்பார்கள்? இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்காவது தேவைப்படும் என்று பின்னால் தள்ளி வைப்பார்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால், "இந்தப் பெட்டியில எடமே பத்தலயே" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். போத்தல்காரர் விளங்கிக்கொண்டு எடுத்துவிடுவார். இங்கே காற்றிடம் சொன்னால் காற்றுக்கு மட்டும்தான் கேட்கும். சம்பலில் போட்ட மாசிக் கருவாட்டின் வாசம் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, நானும் பேசாமல் கதவை மூடிவிட்டேன்.

எங்கள் வேலையும் இதே முறையில்தான் நடக்கிறது. ஒரு நிரல்மொழியின் கம்பைலரைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். மனிதர் எழுதும் நிரலை எந்திரத்துக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். புதிதாக நான் எதையும் கட்டுவதில்லை. உள்ளே கிடப்பதை ஒழுங்குபடுத்துவதுதான் என் பிழைப்பு. ரீஃபாக்டரிங் என்பார்கள். வெளியே பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது, உள்ளே எல்லாம் மாறியிருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது, பிழைவிட்டால் உலகமே திட்டும். மருமகள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குளிர்காலத்தில் மதியமே இருட்டத் தொடங்கிவிடும். யன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்க, நான் ஒரு வரி நிரலின் பின்னால் கம்பைலருக்குள் நடந்துபோவேன். முதல் அறையில் அது சொல் சொல்லாகப் பிரியும். அடுத்த அறையில் கிளைவிட்ட மரமாக நிமிரும். அப்புறம் அறைக்கு அறை எதையாவது களைந்து, எதையாவது உடுத்திக்கொண்டு போகும். போகப் போக எந்த அறையில் நிற்கிறேன் என்றே மறந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், சில நேரம் அந்த அறைகளின் தரை சில்லென்று பாதத்தில் படும். மகாவலி ஆற்றிலிருந்து எழும்பிய காலைப் புகார் மூட்டம் யன்னல் கம்பியில் ஈரமாக நிற்கும். திகன பஸ்ஸின் ஹோர்ன் எங்கோ கேட்கும். நான் குண்டசாலையில், எங்கள் வீட்டில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்த வீடும் ஒரேயடியாகக் கட்டியது அல்ல. அப்பா கண்டி மாநகரசபையில் கிளார்க். கையில் காசு சேரும்போதெல்லாம் ஓர் அறை கட்டுவார். ஹோலுக்குச் சிவப்புச் சிமெந்துத் தரை போட்டார். நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும், பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு படிக்கட்டும் என்று ஹோலை ஒட்டி எனக்கு ஓர் அறை கட்டினார். கடையில் சிமெந்தில் கலக்கும் சிவப்புத் தூள் தீர்ந்துவிட்டதாம், பச்சைத் தூளை வாங்கி வந்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. தம்பி சிவாவும் அவன் மனைவி மாலாவும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். சிவா தினமும் கண்டியில் பஸ் மாறி, பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போகிறான். மாலா புசல்லாவைப் பெண், தையல் அவள் கைக்குள் நிற்கும். பள்ளிச் சீருடை தைத்தே வீட்டின் பாதிச் செலவைப் பார்த்துக்கொள்கிறாள். என் பச்சைத் தரை அறை மட்டும் என் கட்டில், என் அலுமாரி, என் கதிரையோடு நான் விட்டபடியே பூட்டிக் கிடந்தது. நான் ஊருக்குப் போவதே அபூர்வம். ஆனாலும் அந்த அறை இருக்கும்வரை நான் இங்கே கொஞ்சக்காலம் வந்திருப்பவள், ஊரைவிட்டுப் போய்விட்டவள் அல்ல. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் சிவாவுக்கு மாலை. அப்போதுதான் பேசுவான். "அக்கா, ஒங்க அறையில மழைக்கு ஒரு ஓரமா ஊறுது." கூரை ஓடுகளை மாற்று என்றேன். இன்னொரு நாள், "அக்கா, அலுமாரிப் பூட்டு துரு புடிச்சு தெறக்க முடியல." பூட்டை மாற்று. பிறகொரு நாள், "மாலா ரெண்டாவது மெசினும் வாங்கிருச்சு. ஹோல்ல நடக்கவே வழியில்ல. புள்ளைங்க மெசினுக்குக் கீழ ஒக்காந்து படிக்குதுங்க." மடித்து வைக்கும் மேசை ஒன்று வாங்கேன் என்று அதற்கும் வழி சொன்னேன். பராமரிப்பவளின் புத்தி அப்படி. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் உடனே திருத்தி மூடிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சிவா, "சரிக்கா, வைக்கவா?" என்பான்.

அந்த நாட்களில் கம்பைலரில் ஒரு பழைய பகுதியை நீக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. மொழி தொடங்கிய காலத்து எழுத்துமுறை ஒன்றை விளங்கிக்கொள்வதற்கென்றே அந்தப் பகுதி இருந்தது. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை என்று நினைத்தோம். ஆனாலும் திடுதிப்பென்று நீக்கமாட்டோம். யாராவது பழைய முறையில் எழுதினால் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கும்: இது விரைவில் நீக்கப்படும், தேவையென்றால் அறிவியுங்கள். அந்த வாசகம் நான் எழுதியது. பல வெளியீடுகள் போயின. ஒரு குரலும் வரவில்லை.

ஃபீக்கா என்பது இங்குள்ள கோப்பி இடைவேளை. அதில் குழுவின் மூத்தவர் ஆண்டெர்ஸ் கேட்டார்.

"கேட்டோமா?"

"கேட்டோம்."

"பதில் வந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் சம்மதம். நீக்கிவிடு."

"எங்கள் ஊரில் கேட்டதற்கு ஒருவர் பேசாமல் இருந்தால், விருப்பமில்லை என்று அர்த்தம்," என்றேன்.

ஆண்டெர்ஸ் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார். விளக்கப் போனால் கோப்பி ஆறிவிடும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

நீக்கினேன். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. உள்ளறைகள் காற்றோட்டமாகிவிட்டதுபோல மனதுக்கே குளிர்ச்சியாக இருந்தது. வெளியீடு போன சில நாட்களில் ஒரு பெண் எழுதியிருந்தார். எங்கோ ஒரு சிறு நகரத்தின் தண்ணீர்ப் பம்புகளை இயக்கும் நிரலைப் பார்த்துக்கொள்பவராம். புதிய கம்பைலரில் அது ஓட மறுக்கிறது. "அந்த எச்சரிக்கையைத் தினமும் பார்த்தோம். கம்பைலர் வழக்கம்போல முனகுகிறது என்று நினைத்தோம்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "மஞ்சள் எழுத்தில் அத்தனை தடவை சொல்லியும் முனகல் என்கிறாரே! கண் எங்கே போச்சாம்? ஒரு வார்த்தை எழுதக் கை வலிக்குமா?" என்று ஆண்டெர்ஸிடம் பொரிந்து தள்ளினேன். எச்சரிக்கைகளை வாசிக்காதவர்களை எங்கள் குழுவில் அதிகம் திட்டுபவள் நான்தான். ஆண்டெர்ஸ் அமைதியாக, "நாம் ஏதோ கேட்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. குறை சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்," என்றார்.

திட்டிக்கொண்டே நீக்கியதைத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தபோது, ஒங்க அறையில ஓரமா ஊறுது அக்கா என்று சிவாவின் குரல் கேட்டது. அலுமாரி தெறக்க முடியல. ஹோல்ல நடக்கவே வழியில்ல. அட கடவுளே, அவன் குறை சொல்லவில்லை. அவன் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தான்! எங்கள் ஊர் முறைப்படி, காற்றைப் பார்த்து, என் மனம் நோகாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நானோ ஓட்டையும் பூட்டையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இது விளங்கிய உடனே அழைத்தேன் என்று எழுத ஆசைதான். முடியவில்லை. ஊரான் வீட்டு நிரலை நீக்கக் கை கூசாத எனக்கு, அந்த ஓர் அறை என்றதும் மனம் வரவில்லை. அது போனால் அங்கே நான் யார்? விருந்தாளியா? இரண்டு மூன்று நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடி அந்தப் பச்சைத் தரையில் நடந்தேன். பிறகு மெசினுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். அழைத்தேன்.

"சிவா, என் அறைச் சுவர ஒடச்சிரு. மாலா மெசின உள்ள போடட்டும்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நின்றது.

"அக்கா, கோவமா?"

"கோவம் என்னடா?"

"இல்ல... இனிமே நீங்க வரவே மாட்டீங்களோன்னு."

"வருவேன்டா பைத்தியம். சுவரத்தானே ஒடைக்கச் சொன்னேன்? இத முந்தியே வாய் தெறந்து கேட்டிருக்கலாமே."

"எத்தன தடவ கேட்டேன்! ஓட்ட மாத்து, பூட்ட மாத்துன்னு சொல்லிருவீங்க. சரி, அக்காவுக்கு மனசில்லன்னு விட்டுட்டோம்."

"ஐயோ அண்ணி, நான் அப்புடி நெனைக்கவே இல்ல!" என்று பின்னாலிருந்து மாலா பதறினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பேசி முடித்ததும் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போய், வெள்ளிக்கிழமை தாண்டியும் எப்படியோ வீசப்படாமல் இருந்த போத்தலின் மஞ்சள் துண்டில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

போன வாரம் சிவா வீடியோவில் வந்தான். சுவர் இல்லை. ஒரே பெரிய ஹோல். என் யன்னலோரம் மாலா ஒரு மெசினில் குனிந்திருந்தாள், வெளிச்சம் அவள் மடியில் கிடந்த வெள்ளைத் துணியில் விழுந்திருந்தது. பிள்ளைகள் என் கதிரையில் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஃபோனைக் கீழே காட்டு என்றேன். இந்தப் பக்கம் அப்பாவின் சிவப்பு, அந்தப் பக்கம் அப்பாவின் பச்சை. நடுவில், சுவர் நின்ற இடத்தில், நிறமில்லாத ஒரு சாம்பல் கோடு.

"மேசன் பாஸ் முழுசா புதுத் தரை போடவான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்," என்றான் சிவா. "அக்கா எடம் எதுன்னு தெரியணும்ல. சொல்லுங்க, வந்தா பாய எங்க விரிக்க? செவப்புலயா, பச்சையிலயா?"

"நடுவுல," என்றேன்.

சிவா குனிந்து அந்தச் சாம்பல் கோட்டின் மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தான்.

"ஒரு சாண்தான்க்கா இருக்கு," என்றான்.